தானமாட்டின் பல்

1

'பக்க விளைவு' என்ற சொல் நமக்குப் பழகிப்போய்விட்டது. மருந்துக் கடையில் நின்று 'இதுக்கு சைடு எஃபெக்ட் ஒண்ணும் இல்லையே?' என்று கேட்காதவர்கள் குறைவு. மொழிபெயர்ப்பில் வந்த சொல்தான். ஆனால் மூலத்தில் இருந்த தந்திரமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஒரு மருந்து உடம்புக்குள் போய்ப் பத்துக் காரியங்கள் செய்கிறது. அவற்றில் ஒன்றை உத்தேசித்து அது தயாரிக்கப்பட்டது. ஆகவே அந்த ஒன்று 'விளைவு' ஆகிறது. மற்ற ஒன்பதும் பக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. எது மையம், எது பக்கம் என்பதைத் தீர்மானிப்பது மருந்தைக் கொடுப்பவனின் உத்தேசம். உடம்புக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. வாங்கிக்கொள்ளும் உடம்புக்கு எல்லாமே விளைவுதான்.

நம்முடைய பழைய வைத்தியத்தில் பத்தியம் என்ற ஏற்பாடு இருந்தது. கடுமையான பற்பமோ செந்தூரமோ கொடுக்கும் வைத்தியர், புளியைத் தள்ளு, உப்பைக் குறை என்று கூடவே சொல்வார். அந்தப் பத்தியத்தின் விஞ்ஞான மதிப்பு பற்றி நான் பேசவில்லை. மருந்து கடுமையானது என்பது அங்கே கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் முதலிலேயே தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 'பக்க விளைவு' என்ற சொல்லில் அந்த ஒப்புதல் இல்லை. எதிர்பாராமல் நேர்ந்துவிட்ட ஒன்று என்ற தொனி அதில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை ஸ்டாவுடின் என்ற ஒரு மாத்திரையின் வரலாறு பற்றியது. ஹெச்.ஐ.வி.க்கு எதிரான மருந்துகளில் அது ஒன்று. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களை அது சாவிலிருந்து மீட்டது. அவர்களில் கணிசமானவர்களின் முகத்தையும் கால்களையும் சிதைத்தது. சிலரைக் கொன்றது. இலக்கியப் பத்திரிகையில் மருந்தின் கதை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். யாருடைய அனுபவம் ஆவணத்தில் இடம்பெறுகிறது, யாருடையது புலம்பல் என்று ஒதுக்கப்படுகிறது என்ற கேள்வியை இலக்கியத்துக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் டாக்டர் இல்லை. பதிப்பிக்கப்பட்ட ஆவணங்களைப் படித்தவன், ஓரிருவரை அருகிலிருந்து பார்த்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

2

ஸ்டாவுடின் பிறந்தபோது எய்ட்ஸ் என்ற பெயரே உலகத்தில் இல்லை. 1960களில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற ரசாயன விஞ்ஞானி, புற்று அணுக்கள் பெருகுவதைத் தடுக்கப் போலிச் சரக்குகள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். உயிரணு தன் டி.என்.ஏ. சங்கிலியைக் கோப்பதற்கு எடுக்கும் மணிகளைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் அடுத்த மணியோடு இணைய முடியாத மணிகள் அவை. 1964இல் வந்தது ஏ.இசட்.டி.; 1966இல் ஸ்டாவுடின். இரண்டும் புற்றுநோயில் தோற்றன. ஹார்விட்ஸ் அவற்றுக்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

இருபது வருஷம் கழித்து அவை அலமாரியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. 1987 மார்ச்சில் ஏ.இசட்.டி. எய்ட்ஸுக்கான முதல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃபும் டை-ஷுன் லின்னும் ஸ்டாவுடின் இந்த வைரஸைத் தடுக்கிறது என்று கண்டார்கள். யேல் அதன் பயன்பாட்டுக்குக் காப்புரிமை பெற்று பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் கம்பெனிக்குக் கொடுத்தது. 1994 ஜூனில் அதற்கும் அனுமதி கிடைத்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நேர்ந்தது முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அச்சுக் கோப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரிவது எளிது. அறையில் கிடக்கும் நல்ல எழுத்துக்களோடு, பார்வைக்கு அதே மாதிரியான, ஆனால் அடுத்த எழுத்தைச் சேரவிடாத ஒரு போலி எழுத்தைக் கலந்துவிட்டால், அதை எடுத்து வைத்த இடத்தில் வரி நின்றுபோகும். வைரஸ் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும்போது ஸ்டாவுடினை எடுத்து வைக்கிறது, வரி நின்றுபோகிறது, வைரஸ் பெருகுவதில்லை. ஆனால் நம் உயிரணுக்களுக்குள்ளும் ஒரு கோப்பாளி உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உலைகள் உயிரணுவுக்குச் சக்தியைச் செய்து கொடுக்கின்றன. அவற்றுக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறது. அதைப் பிரதியெடுக்கும் நொதியும் இந்தப் போலி எழுத்தில் ஏமாந்துபோகிறது. உலைகள் ஒவ்வொன்றாக அவிகின்றன. முகத்திலும் கைகால்களிலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைகிறது. பாதத்தில் முடியும் நீண்ட நரம்புகள் பட்டுப்போகின்றன. எரியாத எரிபொருளின் கழிவாக லாக்டிக் அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது. அளவு மீறினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

மையமும் பக்கமும் இங்கே ஒரே செயல். வைரஸை நிறுத்திய அதே காரியம்தான் நரம்பையும் நிறுத்தியது.

3

1996இல் வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி சாவதில்லை என்பது ஊர்ஜிதமாயிற்று. ஒரு ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவு. நோய் அதிகமாக இருந்ததோ ஆப்பிரிக்காவில். அங்கே பல நாடுகளில் ஒரு ஆளின் சுகாதாரத்துக்கு அரசு வருஷம் முழுவதும் செலவிட்டது பத்து டாலர் வராது.

2001 பிப்ரவரியில் பம்பாயின் சிப்லா கம்பெனியைச் சேர்ந்த யூசுஃப் ஹமீது ஒரு விலை சொன்னார். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலர் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு. அரசுகளுக்கு 600 டாலர். மூன்றையும் ஒரே மாத்திரைக்குள் அடக்கி ட்ரையோமியூன் என்ற பெயரில் வெளியிடவும் செய்தார். மேற்கில் இதை யாரும் செய்ய முடியாது. அங்கே மூன்று மருந்தும் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் சொத்து. இங்கே முடிந்ததற்குக் காரணம் 1970ஆம் வருஷத்து இந்தியக் காப்புரிமைச் சட்டம். மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்கு இல்லை என்றது அந்தச் சட்டம். 2005இல் திருத்தப்படும்வரை அது அமலில் இருந்தது.

அதே 2001இல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடின் மீதான பிடியைத் தளர்த்தும்படி யேல் பல்கலைக்கழகத்தை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' கேட்டார்கள். மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். மருந்தைக் கண்டவர்களில் ஒருவரான புருசாஃபே அவர்கள் பக்கம் நின்றார். மார்ச்சில் கம்பெனி இணங்கிற்று. ஏப்ரலில், மலிவு மருந்துக்கு வழி செய்த தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் போட்டிருந்த வழக்கு வாபஸ் பெறப்பட்டது. ஊர்வலம் போனவர்கள், கோர்ட்டு வாசலில் நின்றவர்கள், வழக்கு நடத்தியவர்கள் எல்லாரும் சேர்ந்து சம்பாதித்த மருந்து இது. இதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இந்த மருந்து எவருடைய தானமும் இல்லை.

ஆனால் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறு ஒன்றும் தெரிகிறது. ஹமீது விலை சொன்னதற்கு ஒரு மாதம் முன்னால், 2001 ஜனவரியில், ஸ்டாவுடினையும் டிடனோசினையும் சேர்த்து எடுத்த கர்ப்பிணிகள் சிலர் லாக்டிக் அமிலம் ஏறி இறந்ததைச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரிக்கை விடுத்திருந்தது. 1998இலேயே சிட்னியில் ஆண்ட்ரு காரும் டேவிட் கூப்பரும் அவர்கள் குழுவினரும், மருந்து எடுக்கிறவர்களின் கொழுப்பு இடம் மாறுவதையும் கரைவதையும் எழுதிவிட்டார்கள். முதலில் வேறு மருந்துகள் மீது பழி விழுந்தது. பின்னர் முகம் கரைவதற்கு முக்கிய காரணம் ஸ்டாவுடின் என்று பிரித்தறியப்பட்டது. 2004 வாக்கில் பணக்கார நாடுகளின் சிகிச்சை நெறிகள் அதை முதல் தேர்விலிருந்து இறக்கிவிட்டன. டெனோஃபோவிர் அதே அளவு வேலை செய்கிறது, தீங்கு குறைவு என்று மூன்று வருஷ ஒப்பீடு ஒன்று அந்த வருஷமே பிரசுரமாயிற்று.

அந்த 2004 ஏப்ரல் முதல் தேதிதான் இந்திய அரசு இலவச சிகிச்சையை ஆரம்பித்தது. தொடங்கிய ஒரு சில இடங்களில் தாம்பரமும் ஒன்று. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக அமைத்த சானடோரியம் அது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் அதே மாதம் அரசு சிகிச்சை தொடங்கியது. இரண்டு இடத்திலும் கொடுக்கப்பட்டவற்றில் முக்கியமானது ஸ்டாவுடின். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸ்கல்ப்ட்ரா என்ற ஊசி மருந்து அனுமதி பெற்றது. மருந்தினால் ஒட்டிப்போன கன்னங்களை நிரப்புவதற்கு. அங்கே முகத்தைத் திருத்த மருந்து வந்துவிட்டது. இங்கே முகத்தைக் கரைக்கும் மருந்து அப்போதுதான் வந்துசேர்ந்தது.

4

இதைச் சதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சிறு பத்திரிகைகளில் நாம் அப்படிச் சொல்லி முடித்துக்கொண்ட விஷயங்கள் பல. ஆனால் ஸ்டாவுடினைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

மலிவு என்பது முதல் காரணம். அது ஒன்றே காரணம் இல்லை. மாற்றாக இருந்த ஏ.இசட்.டி. ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே சோகை பிடித்த பெண்கள் நிறைந்த நாட்டில் அதைக் கொடுத்தால், முதல் சில மாதங்களில் ஹீமோகுளோபினை அடிக்கடி பார்க்க வேண்டும். இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு வேண்டிய கருவி பல கிராம மருத்துவமனைகளில் இல்லை. ஸ்டாவுடினுக்கு அந்தச் சோதனை வேண்டாம். ஆரம்பத்தில் அது உடம்புக்கு ஒத்துப்போகிறது. நோயாளி எழுந்து உட்காருகிறார், சாப்பிடுகிறார், எடை ஏறுகிறது. அது காட்டும் தீங்கு ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து வருகிறது.

அதாவது, ஏ.இசட்.டி.யின் தீங்கு சீக்கிரம் வந்தது, கண்ணில் பட்டது. ஸ்டாவுடினின் தீங்கு மெல்ல வந்தது. 2005 முடிவதற்குள் முப்பது லட்சம் பேருக்குச் சிகிச்சை என்று 2003இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலக்கு வைத்திருந்தது. (2005 முடிவில் எட்டியது சுமார் பதின்மூன்று லட்சம்.) அந்த இலக்கில் எண்ணப்பட்டது எத்தனை பேருக்கு ஆரம்பித்தோம் என்பது. மூன்றாம் வருஷத்தில் பாதம் எரிகிறவருக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை. பொய்க் கணக்கு என்று நான் சொல்லவில்லை. மெல்ல வருகிற கஷ்டத்தை எண்ணத் தெரியாத கணக்கு, அவ்வளவுதான்.

லாக்டிக் அமிலத்தைச் சோதிக்கும் வசதியும் அதே இடங்களில் இல்லாதிருந்தது. ரத்தத்தை உடனே குளிரில் வைக்க வேண்டும், சீக்கிரம் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிலாக அறிகுறிகளைக் கேட்டுத் தெரிந்துகொள் என்றார்கள்: குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், எடை குறைதல். இந்த ஐந்தும் இல்லாத ஏழை நோயாளி யார்? வயிற்றுப்புண் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும், காசநோய் என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் உண்டு. காசநோய் நிஜமாகவே இருந்தவர்களின் கதி இன்னும் மோசம். அதற்கான ஐசோநியாசிட் மாத்திரையும் நரம்பைத் தாக்கக்கூடியது. இரண்டும் ஒரே பாதத்தில் வந்து சந்தித்தன.

எதிர்த்தட்டில் இருந்தது சாவு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்ததிலிருந்து 2004வரை, கையில் காசில்லாதவர்களுக்கு இந்நோயில் ஒரே முடிவுதான் இருந்தது. அந்தப் பதினெட்டு வருஷங்களை வைத்துப் பார்க்கும்போது, மரத்துப்போன காலோடு உயிரோடிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. என் வாதம் வேறு. 'சாவைவிட மேல்' என்பது ஒரு மருந்தைத் தொடங்குவதற்குப் போதுமான நியாயம். அதை ஆண்டுக்கணக்காகத் தொடர்வதற்கு அது போதாது.

5

1985இல் உகாண்டாவில் இந்நோய் மருத்துவ ஏட்டில் பதிவானபோது ஊர் மக்கள் அதற்கு வைத்திருந்த பெயரும் பதிவாயிற்று: 'ஸ்லிம்', அதாவது மெலிச்சல். ஊருக்குத் தெரிந்த அடையாளம் உடம்பு வற்றுவது. சிகிச்சை அந்த அடையாளத்தை அழிக்க வந்தது. இரண்டு வருஷம் அழித்தது. பிறகு ஸ்டாவுடின் அதே அடையாளத்தைத் தானே முகத்தில் எழுதிற்று: குழி விழுந்த பொட்டு, ஒட்டிய கன்னம், நரம்பு தெரியும் கைகால். ரத்தத்தில் வைரஸ் இல்லை. முகத்தில் நோய் இருக்கிறது.

தமிழர்களிடையே இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க அதிகக் கற்பனை வேண்டாம். நமக்கு உடம்பு பொது விஷயம். கல்யாண வீட்டில் நுழைந்ததும் 'என்ன இப்பிடி எளைச்சுட்டே?' என்பதுதான் நலம் விசாரிப்பு. அன்பாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி, மறைக்க ஒன்று உள்ளவருக்கு விசாரணை. சர்க்கரை என்று சொல்லிச் சமாளித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காலத்தில் சிறு பத்திரிகைகளுக்கு அச்சுக் கோத்தவர். ஈயம் போனபின் வேறு வேலைகளுக்குப் போனார். 2005இல் ஒரு அரசு மருத்துவமனையில் சிகிச்சை ஆரம்பித்தார். ஊர் பெயர் வேண்டாம். ஒரு வருஷத்தில் தேறி, பழைய ஆளாக வந்து நின்றார். 2007இல் பார்த்தபோது முகம் மாறியிருந்தது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் பத்தடி போய்விடுவார். நான் எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன். ராத்திரியில் பாதம் எரிகிறது என்று ஈரத் துணி சுற்றிக்கொண்டு படுப்பார்.

'டாக்டர்கிட்டே சொன்னீங்களா?' என்று கேட்டேன்.

'மாத்திரை குடுக்கற எடத்துலே சொன்னேன் சார். ஓசியிலே வர்ற மருந்து, ஒழுங்காச் சாப்பிடு, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்னாங்க. நெசந்தானே. செத்திருக்க வேண்டியவன். அதுக்கு மேலே என்னத்தைக் கேக்கறது?'

அவர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. நிறுத்தியவர்களைப் பற்றி அவரே சொன்னார். முகம் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினவர்கள். மருந்தை விட்டவர்கள் என்று ஏட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே குறித்திருப்பார்கள். மருந்து அவர்களை என்ன செய்தது என்று குறிக்க அங்கே இடம் இருந்திருக்காது.

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அச்சுக் கோத்தவரின் வாயை அடைத்தது அந்தப் பழமொழிதான். நன்றி என்ற உணர்வு, புகார் என்ற உரிமையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொடுத்தவர்கள் இந்த நன்றியைக் கேட்டு வாங்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்காமலே கிடைத்தது. அது நிர்வாகத்துக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. தென்னிந்திய நோயாளிகளிடம் இந்த மருந்துகள் உண்டாக்கிய தீங்குகளை, சென்னையில் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. மையத்து டாக்டர்கள் அந்த வருஷங்களிலேயே எண்ணி, ஆய்வேடுகளில் பிரசுரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ண முடியாத விஷயமல்ல அது. எண்ணுவதற்கு ஆள் உட்கார்ந்த இடத்தில் எண்ணப்பட்டது.

6

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. பக்க விளைவு என்ற பேச்சே அங்கே எதிரியின் கையில் மாட்டிக்கொண்டிருந்தது.

1999 அக்டோபரில் ஜனாதிபதி தாபோ ம்பெகி, ஏ.இசட்.டி. நச்சுத்தன்மை கொண்டது என்று சட்டசபையில் பேசினார். ஹெச்.ஐ.வி.தான் எய்ட்ஸை உண்டாக்குகிறது என்பதையே சந்தேகிக்கிறவர்களுக்கு அவர் காது கொடுத்தார். அவருடைய சுகாதார மந்திரி பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். 2006இல் டொரான்டோ மாநாட்டில் அந்த நாட்டின் அரங்கிலேயே அவை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. கருவுற்ற பெண்களுக்கு ஒரு வேளை நெவிரபின் கொடுக்கவே, ட்ரீட்மெண்ட் ஆக்ஷன் கேம்பெய்ன் என்ற மக்கள் இயக்கம் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய் 2002 ஜூலையில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்தினால் 2000க்கும் 2005க்கும் இடையில் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அநியாயமாக மாண்டார்கள் என்று 2008இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

மருந்து நச்சு என்று ம்பெகி சொன்னதில் எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் பொய் இல்லை. அந்த உண்மையைச் சொன்ன காரியம் பொய்யானது. மருந்தைத் தராமலிருப்பதற்குக் காரணமாக அது சொல்லப்பட்டது. உண்மை ஒன்று இப்படிப் பொய்யின் பணயக் கைதியானதும், மருந்துக்காகப் போராடியவர்கள் என்ன செய்ய முடியும்? கால் எரிகிறது என்று உரக்கச் சொன்னால் மந்திரிக்கு மகிழ்ச்சி. சொல்லாவிட்டால் எரிகிற காலுக்குத் துரோகம். சித்தாந்தச் சண்டைகளில் இந்த நிலையைப் பார்த்திருக்கிறோம். எதிரிக்குப் பயன்படும் என்பதற்காக மௌனமாக்கப்பட்ட உண்மைகள் நம் அரசியலிலும் விமரிசனத்திலும் ஏராளம்.

கேப் டவுனுக்கு வெளியே கயலிட்ஷா என்ற கறுப்பினக் குடியிருப்பில், 2001 மே மாதம் முதல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' சிகிச்சை அளித்து வந்தார்கள். ஏழைகள் வேளை தவறாமல் மாத்திரை எடுக்க மாட்டார்கள் என்ற மேட்டிமைப் பேச்சைப் பொய்யாக்கிய இடம் அது. இந்த இக்கட்டிலிருந்து வழி காட்டியதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் மருந்துக்காக வாதாடிக்கொண்டே மருந்தின் தீங்கையும் குறித்து வைத்தார்கள். 2007இல் வெளியான கணக்குப்படி, மூன்று வருஷத்துக்குள் ஸ்டாவுடினில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதன் தீங்கினால் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. பருமனான பெண்களுக்கு லாக்டிக் அமில ஆபத்து அதிகம் என்பதும் தென்னாப்பிரிக்கக் கணக்குகளில் தெளிவாயிற்று. மேற்கத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். ஆப்பிரிக்கப் பெண்ணின் உடம்புக்கு இந்த மருந்து என்ன செய்யும் என்பதை அவளுக்குக் கொடுத்த பின்புதான் தெரிந்துகொண்டார்கள்.

7

ஸ்டாவுடின் போன கதை வந்த கதையைவிட மெதுவானது. அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு வேளைக்கு 40 மில்லிகிராம், குறைந்தவருக்கு 30 என்பது முதல் நெறி. நோயாளி தேறி எடை கூடினால் மாத்திரையும் கூடியது. தேறியதற்கு அது தண்டனைபோல. எல்லாருக்கும் 30 போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது 2007இல்தான். அளவைக் குறைக்கப் பணம் வேண்டாம், மிச்சம்தான் ஆகும். ஆனால் பணக்கார நாடுகள் கைவிட்ட, லாபமில்லாத மருந்துக்குச் சரியான அளவு என்ன என்று ஆராய அதுவரை எவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

2009 நவம்பர் 30ஆம் தேதி அந்த ஸ்தாபனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக விலக்கும்படி கூறிற்று. அப்போதும் ஸ்டாவுடின் சேர்ந்த கூட்டு வருஷத்துக்கு 100 டாலருக்கும் கீழே; டெனோஃபோவிர் சேர்ந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டெனோஃபோவிர் மீது கிலியட் கம்பெனி இந்தியாவில் கோரிய காப்புரிமை, நோயாளிகள் அமைப்புகளும் மற்றவர்களும் எதிர்த்ததில் 2009இல் மறுக்கப்பட்டது. விலை இறங்கியது. தென்னாப்பிரிக்கா 2010இல் புதிய நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் கொடுக்கத் தொடங்கியது. ஸ்டாவுடினைப் பொறுத்துக்கொண்டவர்கள் அதிலேயே தொடரலாம் என்றது அந்த நெறி. பொறுத்துக்கொள்வது என்ற சொல்லை இரண்டு விதமாகவும் படிக்கலாம்.

அச்சுக் கோத்தவருக்கும் பின்னர் மாத்திரை மாறியது. கன்னம் ஓரளவு திரும்பியது. பாதம் திரும்பவில்லை. பட்டுப்போன நரம்பு முழுக்கத் தளிர்ப்பது அபூர்வம்.

அதன்பின் வந்த வரலாறு ஒரு பாடம் கற்றுக்கொள்ளப்பட்டதைக் காட்டுகிறது. டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து சேர்ந்த மாத்திரை, வருஷத்துக்கு 75 டாலர் என்ற விலையில் ஏழை நாடுகளுக்குக் கிடைக்க 2017 செப்டம்பரில் ஏற்பாடாயிற்று. பணக்காரர்களின் முதல் தேர்வும் ஏழைகளின் முதல் தேர்வும் அநேகமாக ஒன்றாயின. 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. கருத்தரிக்கும் சமயத்தில் இதை எடுத்த பெண்களின் சிசுக்களில் சிலருக்கு முதுகுத்தண்டுக் கோளாறு கூடுதலாகத் தெரிகிறது என்று. உடனே பல நாடுகள் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் எல்லாரையும் இந்த மருந்திலிருந்து விலக்கப் பார்த்தன. அந்த ஜூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில், பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த, இந்நோயோடு வாழும் பெண்கள் கூடினார்கள். ஆபத்து என்னவென்று எங்களிடம் சொல்லுங்கள், எடுப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் தீர்மானிப்போம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஆட்கள் கூடக் கூட அந்த வித்தியாசம் தேய்ந்து மறைந்தது. உடம்பு பருக்கிறது என்ற வேறொரு விளைவு, குறிப்பாகக் கறுப்பினப் பெண்களிடம், 2019இல் ஜோஹன்னஸ்பர்க் ஆய்வில் தெரியவந்தது. இம்முறை அது ஏழை நாட்டிலேயே, அவர்கள் உடம்பிலேயே, நேரத்தோடு எண்ணப்பட்டது.

கிகாலியில் பேசிய பெண்களுக்கும் 'அதுக்கு மேலே என்னத்தைக் கேக்கறது' என்ற மனிதருக்கும் இடையில் பத்து வருஷம்தான். அந்தப் பெண்கள் மருந்தை மறுக்கவில்லை, மருந்துக்கு நன்றி சொல்லிக்கொண்டும் இருக்கவில்லை. மருந்தும் வேண்டும், அதன் தீங்கைப் பற்றிய முழுத் தகவலும் வேண்டும் என்றார்கள். ம்பெகியின் பொய்க்கும் நிர்வாகத்தின் சௌகரியத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் அது. இதைச் சொல்வதற்கு முதலில் மருந்தைத் தானம் என்று நினைப்பதை விட வேண்டியிருக்கிறது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்காவில் பல சிகிச்சை மையங்கள் தடுமாறின. வசதி குறைந்த இடங்கள் என்ற பிரயோகம் மறுபடி அடிக்கடி கண்ணில் படுகிறது. வசதி குறையும்போது முதலில் குறைக்கப்படுவது மாத்திரையாக இருக்காது. மாத்திரை எண்ணிக்கையில் வருகிறது. சோதனை, கேட்டு எழுதிக்கொள்ளும் ஆள், கால் எரிகிறது என்று எழுத வேண்டிய அந்தப் பத்தி, இவைதான் முதலில் போகும். ஸ்டாவுடின் இனி திரும்பி வராது. அது இருந்த இடத்துக்கு வேறொன்று வரலாம். வந்தால் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியவர்கள் அதைச் சாப்பிடப்போகிறவர்கள்.